மனசு வைத்தால் முடியும் என்பவர்களுக்கு

சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் இரண்டாவது ஜாங்கிரியை எடுத்தால் நம்மிடம் தீர்ப்பு தயாராக இருக்கிறது. ஸ்டென்ட் வைத்து டிஸ்சார்ஜ் ஆனவர் ஆஸ்பத்திரிக்கு எதிரிலுள்ள டீக்கடையிலேயே சிகரெட் பற்றவைத்தாலும், பரீட்சைக்கு முந்தைய இரவு பையன் இரண்டு மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தாலும், சம்பளம் ஏறிய அன்றே பாதியை ரம்மியில் விட்டவர் மறுநாள் கைமாற்று கேட்டு வந்தாலும் அதே தீர்ப்புதான்: “மனசு வச்சா முடியாதா? எல்லாம் கொழுப்பு.”

கொஞ்சம் உளவியல் படித்தவர்கள் கொழுப்பு என்று சொல்வதில்லை. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு, தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறார், வெற்றியைக் கண்டு பயந்து தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொள்கிறார் என்பார்கள். ‘செல்ஃப் சபோட்டாஜ்’ என்ற பெயரில் ஊக்கப் பேச்சாளர்களுக்கு இது நல்ல பிழைப்பாகவும் ஆகிவிட்டது.

திண்ணைத் தீர்ப்பும் கவுன்சலிங் தீர்ப்பும் பார்வைக்கு எதிரெதிரானவை. மனசில் வலு இல்லை என்கிறது முதலாவது. மனசின் அடியில் நாச ஆசை இருக்கிறது என்கிறது மற்றது. ஆனால் கோளாறு முழுக்க அந்த ஆளின் மண்டைக்குள்தான் இருக்கிறது, வெளியே எதையும் தேட வேண்டியதில்லை என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. அதைத்தான் மறுக்கிறேன். அன்றாட வாழ்க்கையில் தமக்குத் தாமே கேடு செய்துகொள்பவர்களில் பெரும்பாலோர் கேட்டை விரும்பி அதைச் செய்வதில்லை. அந்த நேரத்து வேதனை ஏதோ ஒன்றைத் தணித்துக்கொள்ளச் செய்கிறார்கள். தணிவு உடனே கிடைத்துவிடுகிறது. விலை பிறகுதான் தெரிகிறது.

நாச ஆசைக் கோட்பாட்டின் மூலப் பத்திரம் சிக்மண்ட் ஃப்ராய்டிடம் இருக்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் போர்க்களப் பயங்கரத்தையே கனவில் திரும்பத் திரும்பக் கண்டார்கள். மனிதன் இன்பத்தையே நாடுகிறவன் என்றால் இது எப்படி என்று யோசித்தவர், உயிருக்குள்ளேயே அழிவை நோக்கி இழுக்கும் உந்துதல் ஒன்று இருக்கிறது என்று 1920இல் எழுதினார். அவருடைய சீடர்களிலேயே பலர் அதை ஏற்கவில்லை. எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. ஃப்ராய்ட் நாளுக்கு இருபது சுருட்டு பிடித்தவர். 1923இல் வாயில் புற்றுநோய் தெரிந்தது. 1939இல் இறக்கும்வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைத் தாடை பொருத்தியிருந்தார்கள். அப்படியும் சுருட்டை விடவில்லை. அதற்கு அவர் காட்டிய காரணம் அழிவு உந்துதல் அல்ல, சுருட்டு இல்லாவிட்டால் வேலை ஓடாது என்பதுதான். ஊரார் கேட்டுக்கு ஆழ்மனம், தன் கேட்டுக்கு வேலை! ஆனால் தன் விஷயத்தில் அவர் சொன்னதுதான் உண்மைக்கு அருகில் இருந்தது என்பேன்.

1988இல் ராய் பாமைஸ்டர், ஸ்டீவன் ஷெர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி வைத்துக்கொண்டு ஒரே கேள்வியோடு படித்தார்கள். மனநோய் ஏதும் இல்லாத சாதாரண மனிதர்கள், கேடு வரும் என்று தெரிந்தே, அந்தக் கேட்டையே வேண்டிச் செய்வதற்கு ஆதாரம் உண்டா? அவர்களுக்கு அப்படி எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டவை பேரங்களும் தப்புக் கணக்குகளும். உடனடி ஆறுதலுக்காகப் பின்னால் வரும் இழப்பை ஏற்றுக்கொள்வது பேரம். நல்லது நடக்கும் என்று நம்பி, பலிக்காத வழியையே பிடித்துத் தொங்குவது தப்புக் கணக்கு.

இந்த ஆய்வு வெளிவந்த காலத்தையும் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டுதான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் பின்னிணைப்பில், தன்னைத் தோற்கடித்துக்கொள்ளும் ஆளுமைக் கோளாறு என்ற ஒன்றைச் சேர்த்திருந்தது. பெண்ணியவாதிகள் கொதித்தார்கள். அடிக்கிற கணவனை விட்டுப் போகாத மனைவியின் நெற்றியில் இந்த முத்திரையை ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்குத் தெரியும். 1994இல் வந்த அடுத்த பதிப்பில் அது காணாமல் போயிற்று. நம் ஊரில் இதற்குக் கையேடே வேண்டாம். “அவளுக்கே அது பிடிச்சிருக்கு போல” என்று சொல்லத் தெருவுக்கு ஒருவர் உண்டு. போக்கிடம் எது, கையில் காசு எவ்வளவு, அண்ணன் வீட்டில் எத்தனை நாள் முகம் சுளிக்காமல் சோறு போடுவார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை.

சரி, வேதனையைத் தணிக்கத்தான் செய்கிறார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? 2001இல் டயான் டைஸும் அவருடைய சகாக்களும் செய்த சோதனைகளைப் பாருங்கள். சிலரை மனம் நோக வைத்தார்கள். பிறகு கொழுப்பு மிகுந்த நொறுக்குத்தீனியை முன்னால் வைத்தார்கள். மனம் நொந்தவர்கள் கூடுதலாகத் தின்றார்கள், இதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு பிரிவினரை மட்டும், இப்போதிருக்கும் மனநிலை கொஞ்ச நேரத்துக்கு என்ன செய்தாலும் மாறாது என்று நம்பவைத்திருந்தார்கள். அவர்கள் கூடுதலாகத் தின்னவில்லை. வேலையைத் தள்ளிப்போட்டு வேடிக்கை பார்ப்பதிலும் இதே முடிவு வந்தது. துக்கம் மனவலிமையைக் கரைத்துவிடுகிறது என்றால் இந்தப் பிரிவினருக்கும் கரைந்திருக்க வேண்டும். தன்வெறுப்புதான் காரணம் என்றால், மாறவே மாறாத துக்கத்தில் இன்னும் அதிகமாகத் தின்றிருக்க வேண்டும். தின்றால் மனசு ஆறும் என்ற எதிர்பார்ப்பு போனதும் தின்பதற்கான அவசியமே போய்விட்டது. திண்ணைக்கும் கவுன்சலிங் அறைக்கும் ஒரே சோதனையில் பதில் கிடைத்துவிட்டது.

ஆய்வுக்கூடம் வேண்டாம் என்றால், சர்க்கரை நோயாளிகள் டாக்டருக்காகக் காத்திருக்கும் எந்தப் பெஞ்சிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து காதைக் கொடுங்கள். “ரெண்டு நாளா கோதுமைக் கஞ்சிதான். இன்னிக்குக் கம்மியாத்தான் காட்டும்.” பரிசோதனைக்கு முன்னால் மட்டும் இருக்கும் இந்தப் பத்தியம் ஊரறிந்த ரகசியம். வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்துதான் இருக்கும். சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட் வந்ததும் குட்டு உடைந்துவிடும். “யாரை ஏமாத்துறீங்க? உங்களையே ஏமாத்திக்கிறீங்க” என்று டாக்டர் சத்தம் போடுவார். நோயாளி ஏமாற்ற நினைத்தது தன் உடம்பை அல்ல, இந்தச் சத்தத்தை. அடுத்த முறை இதற்குப் பயந்து தேதியைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்டதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டுமே என்று அதற்கடுத்த தேதியும் போகும். காலில் புண் வந்து ஆறாமல் போன பிறகு மகன் ஆட்டோவில் அழைத்து வருவான். வெளியிலிருந்து பார்த்தால் இது தற்கொலைக்குச் சமம். உள்ளே இருந்தவருக்கு ஒவ்வொரு முறையும் அது ஐந்து நிமிட அவமானத்திலிருந்து தப்புவதுதான்.

அதே பெஞ்சில் இன்னொருவரும் இருப்பார். வீட்டில் அப்பாவுக்கு ராத்திரி தனியாகச் சப்பாத்தி இடுகிற அம்மா. அவருக்கும் சர்க்கரைதான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கொட்ட மனசு வராமல், மிஞ்சிய சோற்றைப் போட்டுக்கொள்கிறார். இவருக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை என்று சீட்டில் எழுதும் டாக்டர் அந்த அடுப்படிக்குள் ஒருநாளும் போனதில்லை.

குடிக்கு வருவோம். மனசு வைத்தால் முடியும் என்ற வாதம் மார்தட்டும் இடம் அதுதான். அதற்கான பதிலும் சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. எம்ஐடியில் பொருளாதாரம் கற்பிக்கும் ஃபிராங்க் ஷில்பாக், சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களோடு மூன்று வாரம் நடத்திய கள ஆய்வு 2019இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் வெளிவந்தது. அவர்கள் பகலிலும் குடிக்கிறவர்கள். ஏன் என்று கேட்டால் உடம்பு வலி, அசதி, தூக்கம் என்றார்கள். நாள் முழுக்கப் பாரம் மிதித்த காலுக்கு அவர்களுக்குத் தெரிந்த மருந்து அது.

தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். ஒரு பிரிவினருக்குக் குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 90 ரூபாய். இன்னொரு பிரிவினருக்குக் குடித்து வந்தால் 60, குடிக்காமல் வந்தால் 120. இரண்டாம் பிரிவில் பகல் குடி குறைந்தது. மொத்தத்தில் குடித்த அளவு பெரிதாகக் குறையவில்லை, பொழுது சாய்ந்த பிறகு குடித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவே போதுமானதாக இருந்தது. பகலில் தெளிந்திருந்தவர்களின் சேமிப்பு பாதிக்கு மேல் கூடியது. குடிக்காமல் மிச்சமான காசை மட்டும் வைத்து இந்த உயர்வை விளக்க முடியாது என்கிறது ஆய்வு. தெளிந்த தலையோடு இருக்கும்போது நாளையைப் பற்றிய கணக்கே வேறாக இருந்திருக்கிறது.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அடுத்த கட்டத்தைப் பற்றி. எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் வேண்டுமா, குடிக்காமல் வந்தால்தான் முழுப்பணம் என்ற ஏற்பாடு வேண்டுமா என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நிபந்தனை இல்லாத பணம் அதிகமாக இருந்தபோதும், அதாவது தினமும் குடிக்காமல் வந்தாலும் அந்தத் தொகையை எட்ட முடியாது என்று தெரிந்தும், மூன்றில் ஒருவர் நிபந்தனையைத்தான் கேட்டார்கள். வருகிற காசை விட்டுக்கொடுத்து, என்னைக் கட்டிப்போடுங்கள் என்று கேட்டார்கள். மனசு வை, மனசு வை என்று இவர்களிடம்தானே காலகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அவர்கள் எப்போதோ மனசு வைத்துவிட்டார்கள். மனசு வைத்த பிறகும் மத்தியானம் கால் வலிக்கிறது, கடை திறந்திருக்கிறது. தன்னை அழித்துக்கொள்ள நினைப்பவன் தன் கையைக் கட்டிவிடச் சொல்லிக் காசு கொடுக்க மாட்டான்.

மனவலிமைக் கட்சிக்கும் ஆய்வு பலம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய பிரம்மாஸ்திரம் வால்டர் மிஷலின் மார்ஷ்மெல்லோ சோதனை. ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில், ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் இரண்டாவதுக்காகக் காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று சொல்லாத ஊக்கப் பேச்சு உண்டா? 2018இல் சுமார் 900 குழந்தைகளை வைத்து அதை மறுபடி பார்த்தார்கள். தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் மிச்சமிருந்ததிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. அதைவிட எனக்குப் பிடித்தது 2013இல் செலஸ்ட் கிட் செய்த சிறிய சோதனை. 28 குழந்தைகள்தான். படம் வரைய இன்னும் நல்ல சாமான்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போன பெரியவர், சிலரிடம் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். ஏமாந்த குழந்தைக்கு மனவலிமை குறைவா? சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போய் இரண்டு தடவை பணத்தைத் தொலைத்தவர் மூன்றாம் முறை கையிலிருப்பதை அன்றைக்கே செலவழித்தால், அவர் அனுபவத்திலிருந்து பாடம் கற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

மனவலிமை தீர்ந்துபோகும் எரிபொருள் மாதிரி என்றொரு கொள்கையும் ஏறத்தாழ இருபது வருடம் கொடிகட்டிப் பறந்தது. 1998இல் அதைக் கிளப்பியவர், மேலே நான் துணைக்கு அழைத்த அதே பாமைஸ்டர்தான். 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். 2012இல் ஜெர்மனியில் 205 பேரிடம் கருவி கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் இப்போது என்ன ஆசை வந்தது, அடக்கினீர்களா என்று கேட்டுப் பதிவுசெய்தார்கள். கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று கருதப்பட்டவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டி ஜெயிப்பவர்களாக இல்லை. மல்லுக்கட்ட வேண்டிய நிலைமையே அவர்களுக்குக் குறைவாகத்தான் வந்தது. அப்படி ஒதுங்கி வாழ்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து ஏசி காரில் வீட்டுக்குப் போகிறவரும், கடை வாசலிலேயே வண்டியைப் போட்டுவிட்டுச் சவாரிக்குக் காத்திருப்பவரும் ஒரே பரீட்சை எழுதவில்லை.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கரும்புக்காரர்களுக்குத் தெரியும், ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து பணம் கைக்கு வரும்வரை நகை அடகுக் கடையில்தான் இருக்கும். அதே விவசாயி, அதே மூளை. வெட்டுக்கு முன்னால், யோசித்துத் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனை அளக்கும் சோதனைகளில் கீழே இறங்குகிறார். பணம் வந்த பிறகு மேலே ஏறுகிறார். கொழுப்பு சீசனுக்குச் சீசன் ஏறி இறங்குமா என்ன?

“அப்படியானால் எவனுக்கும் பொறுப்பே கிடையாதா?” இந்தக் கேள்வியைக் குடிகாரனின் மனைவி கேட்டால் நான் எழுந்து நின்று பதில் சொல்வேன். அடித்தவன் அடித்ததற்குப் பொறுப்பு. ரம்மியில் விட்டவன் மகளின் ஃபீஸ் பணத்துக்குப் பொறுப்பு. ஒன்று ஏன் நடக்கிறது என்று கண்டுபிடிப்பது அதை மன்னிப்பதாகாது. நான் சொல்வது, குற்றம் சாட்டுவதை வைத்தியம் என்று நினைக்காதீர்கள் என்பது. வேதனையைத் தணிக்க ஒருவர் குடிக்கிறார் என்றால், அவரை அவமானப்படுத்துவது அந்த வேதனையைக் கூட்டுகிறது. கடை அவருக்கு இன்னும் அவசியமாகிறது. தன் உடம்பைத் தானே கீறிக்கொள்பவர்கள், சாக நினைப்பவர்கள் விஷயம் தனி. அவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவி உடனே வேண்டும். அங்கேயும் “மனசைத் திடப்படுத்திக்கோ” என்ற அறிவுரையால் யாரும் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பரீட்சைக்கு முந்தைய இரவு ரீல்ஸ் பார்த்த பையனைப் பற்றி 1978லேயே ஒரு தடயம் இருக்கிறது. ஸ்டீவன் பெர்க்லாஸும் எட்வர்ட் ஜோன்ஸும் மாணவர்களுக்குத் தீர்க்கவே முடியாத கணக்குகளைக் கொடுத்து, பிரமாதமாகச் செய்துவிட்டாய் என்று பாராட்டினார்கள். அடுத்த சோதனைக்கு முன் இரண்டு மாத்திரைகளைக் காட்டினார்கள். ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், மற்றது மந்தமாக்கும் என்றார்கள். எப்படி ஜெயித்தோம் என்று தெரியாத பையன்களில் பலர் மந்தமாக்கும் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். தோற்றால் மாத்திரைமேல் பழி போடலாம், ‘புத்திசாலிப் பையன்’ என்ற பெயர் பிழைக்கும். ஆகவே அந்த வீட்டில் தேட வேண்டியது பையனின் சோம்பலை அல்ல. மார்க் குறைந்தால் இந்த வீட்டில் அவனுக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்பதை.

“எத்தனையோ பேர் விட்டுக் காட்டியிருக்கிறார்களே?” உண்மைதான். எங்கே விட்டார்கள் என்று பாருங்கள். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அப்படி அடிமையாக இருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் ஐந்து சதவீதம்தான். விமானத்தில் ஏறி இறங்கியதும் எல்லோருக்கும் மனவலிமை முளைத்துவிட்டதா? காடும் குண்டும், கைக்கெட்டும் தூரத்தில் மலிவான ஹெராயினும் பின்னால் போய்விட்டன.

மனசு வைத்தால் முடியும் என்ற தத்துவத்தால் யாருக்கு லாபம் என்பதையும் கேட்டுவிட வேண்டும். ரம்மி ஆப் விளம்பரத்தின் கடைசி இரண்டு நொடியில் மூச்சுவிடாமல் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது, பொறுப்புடன் விளையாடுங்கள் என்று. நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025இல் விதி கொண்டுவந்தபோது கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஐந்து மணி நேரத்தில் மனித மனசு எப்படி இருக்கும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? சென்னை உயர் நீதிமன்றம் விதியை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. மதுவில் கதை தலைகீழ். 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் கையில். 2023-24இல் அதன் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பாட்டிலில் எச்சரிக்கை ஒட்டியாகிவிட்டது, இனி குடித்தால் அது உன் மனசின் குற்றம் என்று சொல்ல அரசுக்கும் சௌகரியமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், “ஏன் இப்படிப் பண்றே?” என்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். எத்தனை மணிக்குக் கை போகிறது, அதற்கு முன்னால் யாரிடம் பேசினார், உடம்பில் எங்கே வலித்தது, சட்டைப்பையில் எவ்வளவு இருந்தது என்று விசாரியுங்கள். சர்க்கரை கிளினிக் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்துச் சீட்டின் அடியில் ஒரு வரி கூடுதலாக எழுதிக் கொடுங்கள்: சர்க்கரை கூடியிருந்தாலும் பரவாயில்லை, தேதி தவறாமல் வாருங்கள்.